ஆய்வேட்டை நூலாக்குவது எப்படி? மேலூர்க் கண்மாய்கள் குறித்த ஆய்வுக்கு வழிகாட்டல் வேண்டும்

மேலூர்க்காரர்:

அனைவருக்கும் வணக்கம். நான் மேலூர் வட்டாரத்தைச் சேர்ந்தவன். மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டு அதன் தண்ணீர் மேலூர்ப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, அதுவரை மழையையும் வரத்துக்கால்களையும் மட்டுமே நம்பியிருந்த கண்மாய்களில் நீர்ப்பங்கீட்டு முறை எவ்வாறு மாறியது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். கல்வெட்டுகள், வருவாய்த்துறை ஆவணங்கள், கண்மாய்ப் பாசனம் பெறும் நிலங்களான ஆயக்கட்டின் விவசாயிகளிடமும், மடை திறந்து தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டிகளிடமும் எடுத்த நேர்காணல்கள் ஆகியவற்றைக் கொண்டு தமிழிலேயே எழுதினேன். ஏ4 அளவில் 412 பக்கங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டமும் வந்துவிட்டது.

நேர்காணல் கொடுத்த பெரியவர்களில் சிலர், எழுதியதை எப்போது கையில் கொடுப்பாய் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். எனவே நூலாகக் கொண்டுவர விரும்புகிறேன். ஆய்வேட்டை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாமா? பதிப்பகத்தை எவ்வாறு அணுகுவது? பட்டம் வந்ததிலிருந்து, பதினைந்தே நாளில் ஐஎஸ்பிஎன் எண்ணுடன் நூலாக்கித் தருகிறோம், பணம் கட்டினால் போதும் என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றை நம்பலாமா? மேலும், முதல் மூன்று இயல்களைப் பாமினி எழுத்துருவிலும் மற்றவற்றை யூனிகோடிலும் தட்டச்சு செய்திருக்கிறேன். இதனால் பிறகு இடர்ப்பாடு வருமா? துறையில் பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

நாகமலை (ஓய்வுபெற்ற பேராசிரியர்):

தம்பி, ஆய்வேட்டை அப்படியே அச்சிட வேண்டாம். ஆய்வேடு தேர்வாளர்களுக்காக எழுதப்படுவது. அதைப் படித்தாக வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. எழுதியவர் உழைத்திருக்கிறாரா, முன்னோடி ஆய்வுகளை அறிந்திருக்கிறாரா, தரவுகளை முறையாகத் திரட்டியிருக்கிறாரா என்று சோதிப்பதே அவர்களுடைய வேலை. நூலை எடுத்துப் படிப்பவருக்கு அத்தகைய கடமை ஏதுமில்லை. கண்மாய்த் தண்ணீர் யாருக்கு முதலில் போனது, யார் அதைத் தீர்மானித்தார்கள், பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு அந்த அதிகாரம் யாரிடம் போனது என்பதை அறியவே அவர் வருகிறார். முதல் 60 பக்கங்களில் ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வெல்லை, இயல் பகுப்பு, முன்னாய்வுகள் என்று அடுக்கியிருந்தால் அவர் அந்தக் கேள்விக்குப் போய்ச் சேரவே மாட்டார்.

ஆகவே, முன்னாய்வுகளைப் பற்றிய இயலைக் கலைத்துவிடுங்கள். உங்கள் வாதத்துக்கு உண்மையிலேயே துணை செய்பவற்றையும் அதை எதிர்ப்பவற்றையும் மட்டும் உரிய இடங்களில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் துணைநூற்பட்டியலுக்கு அனுப்பலாம். ஒவ்வோர் இயலின் முடிவிலும் நம் பல்கலைக்கழக வழக்கப்படி ‘தொகுப்புரை’ என்று ஒன்று இருக்கும். அதை முழுவதுமாக நீக்கலாம். ‘இவ்வியலில் ஆராயப்படுகிறது’ என்று தொடங்கும் வாக்கியங்களும் தேவையில்லை, ஆராய்வதைப் படிப்பவர் நேரில் காண்பார். என் கருத்தில், ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு, வயலுக்கு நீர் திறக்கும் அதன் மடைகளையும், மிகைநீர் வழியும் கலிங்கையும், அந்த நீர் மறுகாலாகப் போகும் வழியையும் காட்டி, அங்கே ஒரு தண்ணீர் வழக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்று விவரித்து நூலைத் தொடங்கலாம். அந்த ஒரு கண்மாயைப் புரிந்துகொண்டவர் மற்ற கண்மாய்களுக்கும் உங்களுடன் வருவார். 412 பக்கம் 250 பக்கமாகச் சுருங்கினால் வருந்தாதீர்கள்.

பதிப்பகத்தை அணுகும்போது முழு ஆய்வேட்டையும் அனுப்பக் கூடாது. அதற்கு முன், அவர்கள் உங்கள் துறையில் என்னென்ன வெளியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒவ்வொரு அரங்காக நின்று, அடிக்குறிப்பும், சொற்களைப் பக்க எண்ணுடன் அகரவரிசையில் தரும் சொல்லடைவும் உள்ள நூல்களை யார் வெளியிடுகிறார்கள் என்று புரட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். பிறகு ஒரு முன்மொழிவு எழுதுங்கள். நூலின் வாதம் இரண்டு பக்கத்தில், ஒவ்வோர் இயலின் சுருக்கம் ஒரு பத்தியில், யாருக்கான நூல் என்பது, இதே பொருளில் ஏற்கெனவே உள்ள நூல்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பது, உத்தேசப் பக்கங்களும் படங்களும் எத்தனை என்பது, மாதிரிக்கு நன்றாகத் திருத்திய இரண்டு இயல்கள் என இவ்வளவும் போதும். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பதிவேற்றப்பட்டிருக்கும். அதை மறைக்காமல் முன்மொழிவிலேயே சொல்லிவிடுங்கள். எந்த அளவுக்குத் திருத்தி எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது தடையாக இருக்காது. ஆய்விலிருந்து எடுத்து இதழ்களில் வெளியிட்ட கட்டுரைகள் இருந்தால், மீண்டும் பயன்படுத்த அந்த இதழ்களின் இசைவு வேண்டுமா என்றும் பாருங்கள்.

பல்கலைக்கழகப் பதிப்பகங்களிலும் ஆங்கிலக் கல்வி நூல்களை வெளியிடும் நிறுவனங்களிலும் முன்மொழிவோ கையெழுத்துப் படியோ துறை வல்லுநர்கள் இருவருக்கு அனுப்பப்படும். பெரும்பாலும் யார் படித்தார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியாது. அவர்களுடைய அறிக்கை வந்ததும், ஒவ்வொரு கருத்துக்கும் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் விடையளிக்க வேண்டும். அதன் பிறகே பதிப்புக் குழு முடிவெடுக்கும்; ஒப்பந்தம் வரும். முன்மொழிவிலிருந்து நூல் கைக்கு வர ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் ஆவது இயல்பே. நானும் சில நூல்களுக்கு இப்படி மதிப்பீட்டறிக்கை எழுதியிருக்கிறேன். முன்னுரையைப் படித்ததும் நேராக அடிக்குறிப்புகளுக்குத்தான் போவேன், ஏனென்றால் ஆசிரியர் மூல ஆவணத்தைத் தாமே பார்த்தாரா, வேறொருவர் எடுத்தாண்டதைப் பார்த்து எழுதினாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

தமிழில் வெளியாகும் ஆய்வு நூல்களுக்கு இந்த வல்லுநர் மதிப்பீடு பெரும்பாலும் நடப்பதில்லை. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்றவை ஆய்வு நூல்களை வெளியிடுகின்றன. தனியார் பதிப்பகங்களிலும் நல்ல செம்மையாக்குநர்களை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் வெளியார் ஒருவர் உங்கள் வாதத்தை உலுக்கிப் பார்க்கும் வேலையைப் பல நேரங்களில் நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும். மூவரிடம் கொடுங்கள். ஒருவர் நீர்ப்பாசன வரலாற்றை அறிந்தவர். ஒருவர் படிப்பில் தேர்ந்தவர், ஆனால் இந்தத் துறையை அறியாதவர். மூன்றாமவர் உங்களுக்கு நேர்காணல் கொடுத்த ஒரு நீர்க்கட்டி. அவருக்குப் படிக்க இயலாவிட்டால் நீங்கள் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மற்ற இருவர் கண்ணில் படாத பிழை அவர் காதில் விழும்.

மேலூர்க்காரர்:

ஐயா, மிக்க நன்றி. முன்னாய்வு இயல் மட்டுமே 70 பக்கம் இருக்கிறது. அதைக் கலைக்கச் சொன்னதும் முதலில் மனம் ஒப்பவில்லை, இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தபோது தாங்கள் சொன்னது சரியென்றே படுகிறது. மின்னஞ்சல் நிறுவனங்கள், உரிமை, ஒப்பந்தம் ஆகியவை பற்றியும் யாராவது சொல்ல வேண்டுகிறேன்.

திருமங்கலம் வாசகி:

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாதீர்கள். நான் எழுதி ஏமாந்தவள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நாட்டார் வழக்காற்றியலில் பட்டம் பெற்ற ஆண்டிலேயே, பதவி உயர்வுக்கு நூல் வேண்டும் என்ற அவசரத்தில், அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு 22,000 ரூபாய் கட்டினேன். யாரும் ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை. நான் அனுப்பிய கோப்பை அப்படியே அச்சிட்டார்கள். ஆய்வேட்டின் உறுதிமொழிப் பக்கம்கூட நூலுக்குள் வந்துவிட்டது. ஒப்பாரிப் பாடல்களின் அடிகள் எல்லாம் உரைநடைபோல ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அந்தப் பாடல்களைப் பாடிக் கொடுத்த அம்மா ஒருவரிடம் அந்த நூலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை கொடுக்கவும் இல்லை.

ஐஎஸ்பிஎன் என்பது 13 இலக்கங்கள் கொண்ட அடையாள எண், அவ்வளவுதான். அது நூலின் தரத்துக்குச் சான்று அன்று. நம் நாட்டில் மைய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றி வழங்குகிறது. பதிப்பாளர் மட்டுமன்றி, தாமே வெளியிடும் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். ஆகவே அந்த எண்ணுக்கென்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். ஆசிரியர் பணம் தருவது எல்லாமே மோசடி என்றும் நான் சொல்லவில்லை. விற்பனை குறைவாக உள்ள ஆய்வு நூலுக்குச் சில நல்ல பதிப்பகங்கள் செலவில் ஒரு பகுதியை ஏற்கச் சொல்வதுண்டு. அதற்குத் தமிழ் வளர்ச்சித் துறையின் நூல் வெளியீட்டு நிதியுதவியும், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழு, இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றின் வெளியீட்டு மானியங்களும் இருக்கின்றன. பணம் கொடுப்பதற்கு முன், என் கையெழுத்துப் படியை யார் படிப்பார்கள், அச்சுக்கு முன் பிழை பார்க்க எத்தனை முறை மெய்ப்புத் தருவீர்கள் என்று கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால் வேண்டாம்.

ஒப்பந்தத்தைக் கட்டாயம் எழுத்தில் பெறுங்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். நான் கையெழுத்திட்ட தாளில் ‘எல்லா மொழிகளிலும் எல்லா வடிவங்களிலும் நிலையாக’ என்று இருந்தது, படிக்காமல் கையெழுத்திட்டேன். நீங்கள் தமிழ் அச்சு நூலுக்கான உரிமையை மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுங்கள். மின்னூல், ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனியே பேசிக்கொள்ளலாம். படிகள் தீர்ந்துபோய் ஓராண்டுக்குள் மறுபதிப்பு வரவில்லையென்றால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உரிமத்தொகை (ராயல்டி) பத்து விழுக்காடு என்றால், அது நூலில் அச்சிட்ட விலையின் மேலா, பதிப்பகத்துக்குக் கைவரும் தொகையின் மேலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறருடைய படங்களுக்கும் இசைவு வேண்டும். 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரைக் கையேடு, 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் மாவட்ட விவரச் சுவடி போன்றவற்றின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அவற்றிலிருந்து தாராளமாக எடுக்கலாம், மூலத்தைக் குறித்தால் போதும். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையில் எடுத்த மைப்படியை ஒரு நிறுவனத்திலிருந்து பெற்றிருந்தால் அதை வெளியிட அவர்களிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். இணைய வரைபடத்தைத் திரையிலிருந்து படமெடுத்துப் போடாதீர்கள்.

நேர்காணல் கொடுத்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர்களுடைய பெயர், ஊர், வயது, சாதி என்று அட்டவணை போட்டிருப்பீர்கள். அதுதான் நம் வழக்கம். தண்ணீர்த் தகராறு என்பது ஊருக்குள் இன்னும் ஆறாத ஒன்று. யார் மடையை அடைத்தார்கள், யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்று ஒருவர் உங்களை நம்பிச் சொன்னது, அச்சாகி டீக்கடைக்கு வரும்போது அவருக்கு என்னவாகும் என்று யோசியுங்கள். ஒவ்வொருவரையும் மறுபடியும் நேரில் பார்த்து, இது நூலாகிறது, பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். மறுத்தவர்களின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எந்த மடைக்கு உரியவர் என்று சொன்னாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

சிம்மக்கல் பக்க வடிவமைப்பாளர்:

எழுத்துருவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருபது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். ஆய்வு நூல்களில் வரும் பிழைகளில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டது. எனவே எழுத்துருவை மாற்றும் மென்பொருளின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுபோகும்போது, இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் நூற்பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலப் பகுதிகளுக்கு நிறம் பூசி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் அவற்றை மட்டும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டலாம். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள், ‘கௌ’ என்பதற்கு ‘கெ’யும் ‘ள’வும் இருக்கும். தாளில் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, சொல்லடைவில் வரிசை மாறிப் போய் உட்காரும். தேடி மாற்றும் வசதியைக் கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் ‘ஒளி’ என்பதும் கெட்டுவிடும்.

வடிவமைப்பாளரிடம் கொடுக்கும் கோப்பு எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டிப் பத்தியை உள்தள்ளுவது, வேர்டிலேயே பக்கத்தை அழகுபடுத்துவது இவையெல்லாம் எங்களுக்கு இரட்டை வேலை. அடிக்குறிப்புகளைக் கையால் எண் போடாமல், வேர்டிலுள்ள அடிக்குறிப்பு வசதியைக் கொண்டே போடுங்கள். அப்படிச் செய்தால் நாங்கள் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்குள் அவை தம் இடத்தோடு வந்துவிடும். கையால் போட்டிருந்தால் ஓர் அடிக்குறிப்பை நீக்கும்போது அதன்பின் வரும் அத்தனை எண்களும் தவறாகும். செலவைக் குறைக்க விரும்பினால் குறிப்புகளை இயலின் முடிவில் வைக்கலாம், பக்க வேலை சுலபமாகும்.

படங்கள் அச்சாகும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் பெரும்பாலும் பயன்படாது. கேமராவிலிருந்து நேராக எடுத்த கோப்பைத் தாருங்கள். கல்வெட்டைப் படமெடுப்பதானால் காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது எடுத்தால்தான் எழுத்தின் குழிவு தெரியும். உங்கள் வரைபடங்கள் வண்ணத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். உட்பக்கம் கறுப்பு வெள்ளையில் அச்சாகும்போது நீலமும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்; ஆயக்கட்டுப் பகுதிகளைக் கோடு, புள்ளி, குறுக்குக்கோடு என்று வேறுபடுத்தி மறுபடியும் வரைந்துகொள்ளுங்கள்.

டெம்மி 1/8 என்ற நூல் அளவில், சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு பாரம். நூல் 272 பக்கத்தில் முடிந்தால் சரியாக 17 பாரம். 275 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக அரைப் பாரம் கூடும். அப்போது ஒரு படத்தைச் சிறிதாக்கியோ ஒரு பத்தியைச் சுருக்கியோ 272க்குள் கொண்டுவரலாம் என்று நாங்களே ஆசிரியரிடம் கேட்போம். 300 படிவரை என்றால் பொதுவாக டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் போனால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையில், மங்கல் வெள்ளையான நேச்சுரல் ஷேடு போதும். நூலகத்தில் பலர் கை மாறப் போகிற நூல் என்பதால், வெறும் பசை ஒட்டாமல் நூலிழையால் தைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

மெய்ப்பைத் தாளில் எடுத்துப் பாருங்கள், திரையில் வேண்டாம். அந்த நேரத்தில் புதிய பத்திகளைச் சேர்க்காதீர்கள். ஒரு பக்கத்தில் நான்கு வரி கூடினால் அந்த இயல் முழுவதும் பக்கம் தள்ளிப் போகும்.

நாகமலை (ஓய்வுபெற்ற பேராசிரியர்):

சிம்மக்கல் நண்பர் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். குறிப்புகளை இயலின் முடிவுக்குத் தள்ளாதீர்கள். ஆவணச் சான்றை அடிப்படையாகக் கொண்ட வரலாற்று நூலில் சான்று அதே பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்தில் ஒன்பது பேர் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகக் கூடும் செலவு செய்யத் தக்க செலவே.

சொல்லடைவை விட்டுவிடவும் கூடாது. அது மேனாட்டு வழக்கம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், உ.வே.சா. தம் பதிப்புகளில் அரும்பத அகராதியைச் சேர்த்துத் தந்த மொழி இது. பக்க எண்கள் உறுதியான பிறகுதான் சொல்லடைவைச் செய்ய முடியும், அதற்கென்று மூன்று வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கணினியை வரிசைப்படுத்தச் சொன்னால் சில மென்பொருள்கள் யூனிகோடு எண் வரிசைப்படி ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்தும் ‘ற’வை ‘ர’வுக்கு அடுத்தும் வைக்கும், நெடுங்கணக்கு வரிசைக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். கண்மாய், ஏந்தல், ஊருணி, குளம் ஆகியவை உங்கள் நூலில் வெவ்வேறு பொருளுடையவை என்பதால் அவற்றை ஒரே பதிவுக்குள் அடக்கிவிடாதீர்கள்.

சிம்மக்கல் பக்க வடிவமைப்பாளர்:

ஐயா சொல்வதை ஏற்கிறேன். அடிக்குறிப்பாகவே வைத்துக்கொள்ளலாம், கோப்பு சீராக வந்தால் எங்களுக்கும் பெரிய சுமை இல்லை.

மேலூர்க்காரர்:

அனைவருக்கும் நன்றி. முதல் இயலை யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். அந்த ஓர் இயலிலேயே ‘ஔ’ தவறாக இருந்த இடங்கள் 19. ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் சிதைந்திருந்தன. நிறம் பூசி மறுபடியும் தொடங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், நேர்காணல் கொடுத்த ஒரு நீர்க்கட்டியிடம் நான்காம் இயலைப் படித்துக் காட்டினேன். அவர் தம் பெயரைப் போடலாம் என்றார். தம் தம்பி சொன்னதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். நான் மேல்மடை முதலில் திறக்கப்படும் என்று எழுதியிருந்தேன். தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்குத்தான் முதல் முறை, ஆய்வேட்டில் எழுதும்போதே என்னிடம் கேட்டிருக்கலாமே என்றார். என் வாதத்தில் ஒரு பகுதி அந்த வரிசையை நம்பியே நிற்கிறது. ஆவணங்களை மறுபடியும் பார்த்து அந்த இயலைத் திருத்திய பிறகே முன்மொழிவை அனுப்பப் போகிறேன்.